ஊசி குத்தினால் புற்று பரவுமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு மார்பில் கட்டி. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கத் தேதி கொடுத்துவிட்டார்கள். "ஊசி பட்டால் புற்று ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் ஒட்டிக்கொள்ளும்" என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்ல, அம்மா போக மறுக்கிறார். போகலாமா, ஆஸ்பிரின் கொடுத்தால் ஒட்டாமல் இருக்குமா என்று கேட்கிறார்.

கட்டாயம் போக வேண்டும். ஏன் என்பதை அம்மாவுக்கே படித்துக் காட்டுங்கள்.

புற்றுச் செல் ரத்தத்தில் விழுவது சுலபம். ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டுவதுதான் கஷ்டம். ஓட்டத்தின் வேகத்திலேயே பல செல்கள் சிதைந்துபோகும். மிச்சத்தை எதிர்ப்பு அணுக்கள் தாக்கும். தப்பிய சிலவற்றை, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சுற்றிப் படிந்து மறைத்துவிடுவதும் உண்டு. அவை நுண்குழாய்களில் சிக்கி நிற்கலாம், இல்லையென்றால் சுவரைப் பிடிக்கலாம். அழற்சி வந்த இடத்தில் வெள்ளையணுக்களை நிறுத்துவதற்காகச் சுவரின் உட்பக்கம் செலக்டின் என்ற புரதத்தை வெளியே நீட்டும். புற்றுச் செல்லின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலி அதில் லேசாக மாட்டும். பிடி நிலைக்காது. வாய்க்கால் குப்பை கரையோரப் புல்லில் சிக்கிச் சிக்கி நகர்வதைப் போல, செல் சுவரோரமாக உருளும். வேகம் குறைந்ததும் இன்டெக்ரின் என்ற வேறொரு புரதம் இறுக்கிப் பிடிக்கும். அப்புறம்தான் சுவர்ச் செல்களுக்கு நடுவே புகுந்து வெளியேறும். வெளியே போனாலும் அந்த இடம் அதற்கு ஒத்துவர வேண்டும். 1970இல் புற்று ஆராய்ச்சியாளர் ஐசாயா ஃபிட்லர் எலிகளின் ரத்தத்தில் புற்றுச் செல்களைச் செலுத்திப் பார்த்தார். ஆயிரத்தில் ஒன்றுகூடப் புதுக் கட்டியாகவில்லை.

ஊசி போன தடத்தில் சில செல்கள் இடம் மாறுவது உண்மைதான். பெரும்பாலும் அங்கேயே மடிந்துவிடும். அதனால் ஆயுள் குறைந்ததாக ஆதாரம் இல்லை. ஆனால் வளரும் கட்டி யாரும் தொடாமலே செல்களை ரத்தத்தில் விடக்கூடியது. எனக்குக் கவலை தருவது ஊசி இல்லை, தள்ளிப்போடும் மாதங்கள்தான். என்ன வகைப் புற்று என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியும். ஏற்கெனவே எங்காவது ஒட்டியிருக்கக்கூடிய செல்களையும் சேர்த்து அழிக்கத்தான் பலருக்கு ஆபரேஷனோடு கீமோவும் கொடுக்கிறோம்.

சரி, ஆஸ்பிரின்? தட்டணுக்களைத் தடுப்பதால் அதன்மேல் நம்பிக்கை இருந்தது. 2024இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தினம் 300 மில்லிகிராம் சாப்பிட்டும் மார்பகப் புற்று திரும்புவது குறையவில்லை. நீங்களாகக் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவு வரலாம். இதயத்துக்காக அம்மா முன்பே சாப்பிட்டுவந்தால் தானாக நிறுத்தவும் வேண்டாம். சதை எடுக்கும் தேதிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.