பத்திரத்தைப் பெட்டிக்குள் வையுங்கள்

கேள்வி: எனக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். மதுரையில் விஸ்காம் முடித்துவிட்டேன். சினிமா இயக்குநராக வேண்டும். சென்னையில் ஒரு தனியார் திரைப்படப் பள்ளியில் ஒரு வருடப் படிப்புக்கு 6 லட்சம் கேட்கிறார்கள். கருமாத்தூர் பக்கம் இருக்கிற அரை ஏக்கரை விற்றுத் தருகிறேன் என்று அப்பா டிரங்குப் பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டு நாளாக அதைத் தொடவே இல்லை. மாமாவோ, "பாரதிராஜா எந்தக் காலேஜில் படித்தார்? போய் யாரிடமாவது அசிஸ்டென்டாகச் சேருடா" என்கிறார். படிப்பா, அனுபவமா? எது சரி?

பதில்: முதலில் மாமாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பாரதிராஜா சினிமாவைக் கல்லூரியில் படித்தவர் இல்லை, வாஸ்தவம். கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகாலிடம் வேலை பார்த்துக் கற்றவர். ஆனால் 1977-இல் அவருடைய முதல் படத்துக்கு ஒளிப்பதிவு செய்த நிவாஸ், அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்து வந்தவர். மணிரத்னம் யாரிடமும் உதவியாளராக இருந்ததில்லை, படித்தது மேலாண்மை. 1983-இல் கன்னடத்தில் வந்த அவருடைய முதல் படத்துக்குக் கேமரா பிடித்தது பாலுமகேந்திரா, புனே திரைப்படக் கல்லூரி மாணவர். படிக்காமலே ஜெயித்தவர்கள் கதையை டீக்கடையில் சொல்கிறவர்கள், கேமராவுக்குப் பின்னால் நின்ற ஆளை மட்டும் விட்டுவிடுவார்கள்.

நம் ஊர்க் கதையையே பாருங்கள். 2008-இல் 'சுப்ரமணியபுரம்' எடுத்த சசிகுமார், பாலாவிடமும் அமீரிடமும் வேலை பார்த்தவர். அமீர் பாலாவிடம் இருந்தவர். பாலா பாலுமகேந்திராவிடம் இருந்தவர். அவரோ புனே. மதுரைக்காரர்கள் களத்திலேயே கற்றவர்கள் என்று நாம் மார்தட்டுகிற வரிசையைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு வகுப்பறை வாசலில் போய் நிற்கிறோம். அங்கே ஒருவர் படித்தது கைமாறிக் கைமாறி திருப்பரங்குன்றம் ரோடு வரைக்கும் வந்திருக்கிறது. வெற்றிமாறனும் சீனு ராமசாமியும் அதே பாலுமகேந்திராவிடம் இருந்தவர்கள்தான்.

அப்படியானால் படிப்புத்தானா? அவசரப்படாதீர்கள், தம்பி.

பல வருடங்களுக்கு முன்னால் நாகமலைப் பக்கம் ஒரு படப்பிடிப்பை வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். ஒரு பெண்ணை அவளுடைய அண்ணன் வீட்டுக்கு அழைத்துப்போகிற காட்சி. ஆறு ஷாட் எடுப்பதாகத் திட்டம். ஆட்டுக்கிடை வர மூன்று மணி ஆகிவிட்டது. வந்த ஆடுகள் ஜெனரேட்டர் சத்தத்தில் மிரண்டு ஓடின. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை ஓர் உதவி இயக்குநர் அண்ணே, அக்கா என்று கெஞ்சிப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். இன்னொருவர் நோட்டும் கையுமாக ஓடிவந்து, "காலையில் எடுத்ததில் பை இடது தோளில் இருந்தது" என்று நடிகையின் தோளை மாற்றினார். நாலரை மணிக்கு வெயில் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியது. நடிகருக்கு மறுநாள் கால்ஷீட் கிடையாது. இயக்குநர் பேப்பரைப் பார்த்தார், நாலு ஷாட்டை அடித்தார், இரண்டை மட்டும் வைத்துக்கொண்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தக் கூட்டத்தைச் சமாளிப்பதையும், தோள்பையைக் கவனிப்பதையும், வெயில் எப்போது போகும் என்று கணக்குப் போடுவதையும் எந்த வகுப்பிலும் கற்க முடியாது. ஆனால் ஆறில் எந்த நாலை அடிப்பது? அண்ணன் முகமா, தங்கை நடையா, எது இல்லாவிட்டாலும் காட்சி நிற்கும்? அதைச் சொல்ல நூற்றுக்கணக்கான படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஏன் இங்கே வெட்டினான் என்று சண்டை போட்டிருக்க வேண்டும். செட்டில் அதற்கு நேரமில்லை. அங்கே கேள்வி கேட்கிற உதவியாளருக்கு டீ வாங்கிவரும் வேலைதான் கிடைக்கும்.

இப்போது அந்த 6 லட்சம். விஸ்காமில் மூன்று வருடம் கேமராவும் எடிட்டிங்கும் படித்துவிட்டீர்கள். அதே முதல் பாடத்துக்கு மறுபடியும் காசு கட்டப் போகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். அந்தப் பள்ளிக்குப் போன் போட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: ஒரு மாணவர் ஒரு வருடத்தில் எத்தனை படம் இயக்குவார்? அதில் எத்தனை நாள் கேமரா அவர் கையில் இருக்கும்? பதிலில் 'எக்ஸ்போஷர்', 'இண்டஸ்ட்ரி தொடர்பு' என்ற வார்த்தைகள் வந்தால் போனை வைத்துவிடலாம்.

படிக்கத்தான் ஆசை என்றால் அரசுக் கல்லூரிகளை முதலில் முட்டிப் பாருங்கள். புனேயில் 1960 முதல் ஒன்று, பழைய பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில். 1995-இல் தொடங்கியது கொல்கத்தாவில் ஒன்று. சென்னை தரமணியில் நம் அரசின் கல்லூரி. புனேயில் இயக்கம் மூன்று வருடம். எந்தப் பட்டம் வாங்கியவரும் நுழைவுத் தேர்வு எழுதலாம். இடங்கள் கொஞ்சம்தான். கிடைத்தால் யோசிக்காமல் போங்கள். அங்கே பாடத்தைவிடப் பெரிய லாபம், கூடப் படிக்கிற கேமராமேனும் எடிட்டரும் சவுண்ட்காரரும். அந்த மூன்று பேர்தான் பின்னால் உங்கள் முதல் படத்துக்குச் சம்பளம் பேசாமல் வருவார்கள்.

கிடைக்காவிட்டால் மாமா சொன்ன வழி. அதிலும் ஏமாறாதீர்கள். சாலிகிராமத்தில் அறை எடுத்து ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க ஆறு மாதச் செலவுக்காவது கையில் பணம் வேண்டும். சேர்ந்த பிறகும் பேட்டா வந்தால் உண்டு. பாதியில் நிற்கிற படம் நிறைய. வெறுங்கையோடு போய் "சினிமா மேல் வெறி சார்" என்று நின்றால் உங்களுக்கு முன்னால் அதே வசனத்தோடு முப்பது பேர் நிற்பார்கள்.

அதனால்தான் கார்த்திக் சுப்பராஜைச் சொல்கிறேன். மதுரைக்காரர், தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்தவர். சினிமா கல்லூரியும் இல்லை, உதவி இயக்குநர் வேலையும் இல்லை. குறும்படங்கள் எடுத்தார், டிவியில் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் காட்டினார், 2012-இல் முதல் படம் வந்தது. அவர் போன வழியில் எல்லோரும் போய்விட முடியாது. ஆனால் யாராவது "என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்டபோது போட்டுக் காட்ட அவரிடம் ஏதோ இருந்தது.

உங்களிடம் என்ன இருக்கிறது? நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அதில் கட்டணம் இரண்டு பக்கம், மாமா ஒரு பக்கம். எடுத்த ஒரு குறும்படம், எழுதிய ஒரு கதை பற்றி ஒரு வரி இல்லை. மூன்று வருடம் விஸ்காம் படித்தவருக்கு இது அழகா?

ஆனாலும் ஒரு வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பா பத்திரத்தை எடுத்து வைத்துவிட்டு இரண்டு நாளாகத் தொடவில்லை என்ற வரி. பத்திரத்தை இன்றைக்கே பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். அப்புறம் அந்தக் காட்சியைச் செல்போனில் எடுங்கள். இரண்டு நிமிடம், வசனம் ஒன்றுகூட வேண்டாம். உங்கள் வீட்டைத் தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். "மேஜையில் என்ன பேப்பர் அது?" என்று அவர் கேட்டால், மறுபடியும் எடுங்கள்.