டிஜிட்டல் ஹோலோகிராம் அளவியலில் அகலப் பார்வை: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து அன்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும். ஹோலோகிராம் என்பது, பொருளிலிருந்து வரும் லேசர் ஒளி இன்னொரு லேசர் கற்றையுடன் கலந்து உண்டாக்கும் வரிகளின் பதிவு; அதிலிருந்து பொருளின் முப்பரிமாண உருவத்தை மீட்கலாம்.

ஐயா, புகைப்படத் தகட்டில் பதிந்த ஹோலோகிராமைப் பல பக்கங்களிலிருந்து பார்க்க முடிகிறது. கேமராவில் பதிந்தால் ஏன் முடிவதில்லை? (படிவம் ஆறு மாணவர்)

பிக்சல் இடைவெளிதான் காரணம், தம்பி. பொருளிலிருந்து வரும் ஒளிக்கும் பொருளைத் தொடாமல் நேரே வரும் ஒப்பீட்டுக் கற்றைக்கும் இடையிலான கோணம் கூடக்கூட, அவை உண்டாக்கும் குறுக்கீட்டு வரிகள் நெருங்குகின்றன. ஒரு வரியைப் பதிய இரண்டு பிக்சல்களாவது வேண்டும். 3.45 மைக்ரோமீட்டர் பிக்சலும் 532 நானோமீட்டர் பச்சை லேசரும் இருந்தால், கோணம் ஏறத்தாழ 4.4 பாகையைத் தாண்ட இயலாது. தகடோ மில்லிமீட்டருக்கு ஆயிரக்கணக்கான வரிகளைத் தாங்கும். 1994இல் ஷ்னார்ஸ், யூப்ட்னர் என்ற ஆய்வாளர்கள் கேமராவின் சிசிடி ஒளியுணரியில் பதிந்து கணினியால் உருவத்தை மீட்டது முதல் இந்தக் குறுகிய கோணம் துறையைத் தொடர்கிறது.

குழிலென்ஸ் வைத்தால் தீராதா?

பாதி தீரும். அது பொருளைச் சிறிதாக்கிக் காட்டுவதால் பெரிய பொருளும் கோணத்துக்குள் அடங்கும். ஆனால் நுண்விவரம் குறையும், பக்கவாட்டுப் பார்வையும் அதிகரிக்காது.

எங்கள் பட்டறையில் லோரி டயர்களுக்கு ரீட்ரெட் (தேய்ந்த டயரில் புது ரப்பர் மேற்பரப்பு) போடுகிறோம். அடுக்குகள் உள்ளே பிரிந்திருப்பதை இம்முறையில் காண முடியுமா?

முடியும், இத்துறையின் பழைய பயன்களுள் இதுவும் ஒன்று. டயரை வெற்றிட அறையில் வைத்துக் காற்றழுத்தத்தைக் குறைத்தால், பிரிந்த இடத்தில் அடைபட்ட காற்று விரிந்து ரப்பரை மிகச் சிறிதளவு புடைக்கச் செய்யும். அழுத்தம் குறையும் முன்னும் பின்னும் பதிந்தவற்றின் ஒளிக்கட்டங்களை (ஒளியலை தன் சுழற்சியில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை) ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால், அந்த இடம் மூடிய வளையங்களாகத் தெரியும். ஒளியூட்டலும் பார்வையும் பரப்புக்கு நேராக இருந்தால் ஒரு வளையம் அரை அலைநீளம், அதாவது மேற்சொன்ன பச்சை லேசரில் 266 நானோமீட்டர், உயர்வைக் குறிக்கும். பதிவின்போது பட்டறைக்கு வெளியே லோரி ஓடினாலே வரிகள் மங்கலாம். எனவே அதிர்வுதாங்கி மேசையோ மிகக் குறுகிய நேரமே ஒளிரும் துடிப்பு லேசரோ தேவை.

வளைந்த டயரை ஒரே கேமரா முழுதும் காணாது என்பதால் பல கேமராக்களை வில்வடிவில் நிறுத்துவர். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: ஒளி விழும் திசையும் பார்க்கும் திசையும் இடத்துக்கு இடம் மாறுவதால், எல்லா வளையத்தையும் 266 நானோமீட்டர் என்று எண்ணக்கூடாது, புள்ளிதோறும் திசையைக் கணக்கிட வேண்டும். பக்கவாட்டு நகர்வும் தெரிய வேண்டுமானால், குறைந்தது மூன்று வெவ்வேறு திசைகளின் அளவீடுகள் தேவை.

பதிந்ததை அப்படியே திரையில் முப்பரிமாணமாகக் காட்டலாமா?

அப்படியே காட்டினால் உருவம் மாறிவிடும். காட்டும் ஒளிப்பண்பேற்றியின் (ஒளியலையைப் பிக்சல் பிக்சலாக மாற்றியமைக்கும் கருவியின்) பிக்சல் 8 மைக்ரோமீட்டர் எனில், அதே அலைநீளத்தில் உருவம் 2.3 மடங்கு அகலமாகி, ஐந்து மடங்குக்கும் மேலான தொலைவில் தோன்றும். பார்வைக்கோணமோ 4 பாகைக்கும் குறைவு. ஆகவே அளவைக் கணினியில் திருத்தி, பல ஒளிப்பண்பேற்றிகளை வில்வடிவில் அடுக்கி, இடையே இருள் விழாதபடி ஒளியை இணைக்கிறார்கள். அளப்பதற்கு மட்டும் என்றால் இவ்வளவு செலவு வீண். கணினித் திரையில் நகர்வை நிறங்களால் காட்டும் படமே போதும்.