நெட் இல்லாதபோது ஒன்டிரைவ் ஃபைல் திறக்கவில்லை: பதில்

வணக்கம் சார். குடியாத்தம் குடோனில் நெட் போனால் ஒன்டிரைவ் ஸ்டாக் எக்செல் திறக்கலை, போன மாசம் நெட் இல்லாமலே திறந்ததுன்னு எழுதியிருந்தீங்க. ஃபைல் பக்கத்தில் நீல மேகக் குறி இருக்கான்னு பாருங்க. இருந்தால் லேப்டாப்பில் பேர் மட்டும்தான் இருக்கு, ஃபைல் நெட்டில்தான் இருக்கு.

வெள்ளை வட்டத்தில் பச்சை டிக் இருந்தால் ஃபைல் இறங்கியிருக்கு. ஆனால் அதை நம்பிக் கிளம்பாதீங்க. விண்டோஸில் ஸ்டோரேஜ் சென்ஸ் (டிரைவில் தானா இடம் காலி பண்ணும் வசதி) ஆனில் இருந்தால், ரொம்ப நாள் திறக்காத ஃபைலைத் திரும்ப மேகமாக்கிடலாம். உங்களுக்கும் இதுதான் நடந்திருக்கணும்.

வேலூர் ஆபீசில் நெட் இருக்கும்போதே ஸ்டாக் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் பண்ணி ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுங்க. ஒவ்வொரு ஃபைலா வேண்டாம், ஃபோல்டருக்கே கொடுத்தால் பிறகு அதில் சேர்கிற ஃபைலும் தானா இறங்கும். பச்சை நிரம்பிய வட்டத்தில் வெள்ளை டிக் வரணும். சுழலும் அம்புக்குறி இருந்தால் இன்னும் இறங்கிட்டிருக்கு, மூடிடாதீங்க. டிரைவில் இடம் இருக்கான்னும் பார்த்துக்கோங்க. கிளம்பும் முன் வைஃபையை அணைச்சுட்டு ஒருமுறை திறந்து பாருங்க.

ஒரே ஷீட்டை ஆபீசிலும் குடோனிலும் ஒரே நேரத்தில் திருத்தினால், நெட் வந்ததும் கம்ப்யூட்டர் பேரோடு இரண்டாவது காப்பி முளைக்கலாம். குடோனுக்குத் தனி ஷீட் வெச்சுக்கறது நல்லது.