அரைகுறையாய் நின்ற வீடும் மூன்று மணி நேரமும்

கிரேக்கத் தொன்மத்தை ஒட்டி ஓர் அமானுஷ்யக் காதல் நாவல் எழுத விரும்புவதாகவும், பாதாள அரசன் ஹேடிஸ், அவன் மனைவி பெர்செபொனி ஆகியோரின் கதையையும், இறந்த மனைவியை மீட்கப் பாதாளம் சென்ற ஆர்ஃபியஸின் கதையையும் பலர் எழுதித் தீர்த்துவிட்டதால் வேறு எந்தக் கதையை எடுக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். புரோட்டெசிலாஸ், லாவோடமியா என்னும் கணவன் மனைவி கதையை எடுங்கள் என்பதே என் பதில். பல ஆண்டுகளாக என் மனத்தை விட்டு அகலாத கதை இது. ஆகவே பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாமல், எழுதப்போகும் ஒருவருக்கு அதில் என்னென்ன இருக்கின்றன என்பதையும் விரிவாகவே சொல்கிறேன்.

ட்ராய் நகரத்துப் போரைப் பாடும் கிரேக்கக் காவியமான இலியட்டின் இரண்டாம் காண்டத்தில், அந்நகர்மீது படையெடுத்த கிரேக்கரின் கப்பல்களையும் தலைவர்களையும் ஹோமர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அந்த நீண்ட பட்டியலின் நடுவே, தெசலி நாட்டு ஃபிலாகி முதலிய ஊர்களிலிருந்து 40 கப்பல்களோடு வந்த புரோட்டெசிலாஸின் முறை வரும்போது, அவன் ஏற்கெனவே மண்ணுக்குள் போய்விட்டான் என்கிறார். கிரேக்கர் எல்லாருக்கும் முன்பாகக் கப்பலிலிருந்து கரையில் குதித்தவன் அவன். குதித்த வேகத்திலேயே எதிரி ஒருவனால் கொல்லப்பட்டான். ஊரில் அவனுக்காக இரு கன்னங்களையும் நகத்தால் கீறிக்கொண்ட மனைவியும், அரைகுறையாய் நின்ற ஒரு வீடும் மிஞ்சின. இவ்வளவுதான் ஹோமர் சொல்வது. மனைவியின் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை. ட்ராய் மண்ணில் முதலில் கால் வைப்பவன் சாவான் என்று ஒரு குறி இருந்ததையும், அதனால் மற்றவர்கள் தயங்கி நின்றபோது இவன் குதித்தான் என்பதையும், மனைவி அகாஸ்டஸின் மகள் லாவோடமியா என்பதையும் பின்னால் வந்தவர்கள் வழியாகவே அறிகிறோம்.

அரைகுறையாய் நின்ற வீடு என்பதற்குப் பழைய உரைகாரர்கள் பிள்ளையில்லாத குடும்பம் என்றும், இருவரில் ஒருவரை இழந்த குடும்பம் என்றும் பொருள் சொல்வதுண்டு. எனக்கு அது செங்கல்லும் சுண்ணாம்புமான வீடாகவே தெரிந்தது. அதற்குக் காரணம் என் பெரியப்பா மகள். அக்காவும் அத்தானும் திருமணமான இரண்டாம் ஆண்டு வீடு கட்டத் தொடங்கினார்கள். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்திருந்தபோது அத்தான் ஒரு சாலை விபத்தில் இறந்துவிட்டார். வேலை நின்றது, கொத்தனார் சாரத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். புதுச் சுவருக்கு ஏழு நாளோ பத்து நாளோ தண்ணீர் விட்டால் போதும். அக்காவோ காரியம் முடிந்த மறுநாளிலிருந்து ஒரு மாதத்துக்கும் மேலாக, காலையிலும் மாலையிலும் அந்த மனைக்குப் போய், ரப்பர் குழாயைப் பிடித்துச் சுவர் முழுவதையும் நனைத்துவிட்டு வருவார். தண்ணீர் பட்டதும் செங்கல்லிலிருந்து ஒரு சீறல் எழும். அது அடங்கும் வரை நின்று கேட்டுவிட்டு அடுத்த சுவருக்கு நகர்வார். துணைக்குப் போனவன் நான். சில ஆண்டுகள் கழித்து ஹோமரின் அந்த வரியைப் படித்தபோது, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வீடாக அது எனக்குத் தோன்றவேயில்லை.

இனி அமானுஷ்யப் பகுதிக்கு வருகிறேன். இறந்த புரோட்டெசிலாஸ் சிறிது நேரத்துக்கு மனைவியிடம் திரும்பி வந்தான் என்று ஹோமருக்குப் பின் வந்தவர்கள் பலர் சொல்கிறார்கள். யார் கேட்டு வந்தான் என்பதில்தான் கதை மூன்றாகப் பிரிகிறது. நாவல் எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு கிடைக்காது என்பதால் இந்த இடத்தில் நன்றாக நின்று யோசியுங்கள்.

இலத்தீனில் தொன்மக் கதைகளைச் சுருக்கித் தந்த ஹைஜினஸின் தொகுப்பில், கேட்பவள் லாவோடமியா. கணவன் இறந்த செய்தி கேட்டு அழுது, அவனோடு மூன்று மணி நேரம் பேச வேண்டும் என்று தெய்வங்களிடம் மன்றாடுகிறாள். இறந்தவர்களுக்கு வழிகாட்டும் ஹெர்மிஸ் அவனை அழைத்து வருகிறான். அவளுக்கு எல்லாம் தெரியும்: எதிரே உட்கார்ந்திருப்பவன் இறந்தவன் என்பதும், நேரம் எண்ணப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதும். அப்பொல்லோடோரஸ் பெயரில் வழங்கும் கிரேக்கத் தொன்மத் தொகுப்பில், தெய்வங்கள் தாமாகவே இரங்கி அவனை அனுப்புகின்றன. அவனைக் கண்ட லாவோடமியா, ட்ராயிலிருந்து உயிரோடு திரும்பிவிட்டான் என்று நினைத்து மகிழ்கிறாள். அவனுக்கு உண்மை தெரியும், அவளுக்குத் தெரியாது. அவன் மீண்டும் கொண்டுபோகப்பட்ட பிறகு அவள் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். மூன்றாவதாக, கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க எழுத்தாளர் லூசியன், இறந்தவர்கள் பேசிக்கொள்வதாக எழுதிய உரையாடல்களில், கேட்பவன் புரோட்டெசிலாஸ். பாதாள அரசனிடம் ஒரே ஒரு நாள் கேட்கிறான். மறதி ஆற்றின் நீரைக் குடிக்கவில்லையா என்று அரசன் கேட்க, குடித்தேன், ஆனால் இது அதற்கும் மீறியதாக இருந்தது என்கிறான். லூசியன் பொதுவாக நையாண்டிக்காரர். இருந்தும் அந்த விடையில் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. வெறும் மண்டையோடாகப் போய் நின்றால் மனைவி பயந்துவிடுவாளே என்று அரசன் தயங்கும்போது, அருகிலிருக்கும் பெர்செபொனி குறுக்கிட்டு, ஹெர்மிஸ் தன் கோலால் தொட்டு அவனை மணவறையிலிருந்து புறப்பட்ட நாளில் இருந்த அழகனாக ஆக்கிவிடட்டும் என்று வழி சொல்கிறாள். ஹேடிஸையும் பெர்செபொனியையும் விட மனமில்லை என்றால், அவர்கள் இருவரும் இங்கேயும் இருக்கிறார்கள். கணவன் மனைவியாகப் பேசி முடிவெடுக்கிறார்கள்.

நானாக இருந்தால் அப்பொல்லோடோரஸின் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பேன். வாசலில் நிற்கும் கணவனைக் கண்டு ஓடிவந்து கால் கழுவத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லும் பெண், பயணம் எப்படி இருந்தது என்று கேட்கும் பெண், கூரை போடாமல் நிற்கும் அறையைக் காட்டி இனி வேலையைத் தொடங்கலாம் என்று சொல்லும் பெண். அவளிடம் உண்மையைச் சொல்லி மீதி நேரத்தையும் கெடுப்பதா, சொல்லாமல் போய் அவளை இரண்டாம் முறை விதவையாக்குவதா என்று தவிக்கும் ஆவி. இதில் எதிரி என்று ஒருவர் கிடையாது, சாபமும் கிடையாது. தெய்வங்கள் கருணையோடு கொடுத்த நேரமே கொல்கிறது.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். அந்த நேரத்தை நீட்டாதீர்கள். இக்காலத்து அமானுஷ்யக் காதல் கதைகள் பலவற்றில் ஆவியோ தெய்வமோ கடைசியில் மனிதனாகிவிடும், அல்லது மனிதப் பெண் சாகாவரம் பெற்றுவிடுவாள். வாசகர் ஆறுதலோடு புத்தகத்தை மூடலாம் என்பது உண்மைதான். ஆனால் கிரேக்கர்கள் இத்தகைய கதைகளில் ஏறக்குறைய எப்போதும் ஓர் அளவு வைத்தார்கள். பெர்செபொனி ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கீழே இருக்க வேண்டும். ஆர்ஃபியஸ் வெளிச்சத்துக்கு வரும் வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. ரோமப் பேரரசன் ஹேட்ரியனிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற பிளேகோன் தொகுத்த வியப்புக் கதைகளில் ஃபிலின்னியான் என்ற பெண் வருகிறாள். இறந்து ஆறு மாதம் ஆனவள், தன் பெற்றோர் வீட்டில் தங்கியிருக்கும் மக்காடிஸ் என்ற விருந்தாளியிடம் இரவுகளில் வருகிறாள். அவன் இரும்பு மோதிரமும் பொன்முலாம் பூசிய கிண்ணமும் கொடுக்கிறான். விளக்கொளியில் செவிலித்தாய் பார்த்துவிட, பெற்றோர் ஓடிவர, மூன்று நாள் இருந்ததைக்கூடப் பொறுக்க முடியவில்லையா என்று அவர்களைக் கேட்டுவிட்டு அவள் மீண்டும் பிணமாய்ச் சாய்கிறாள். கல்லறையைத் திறந்தபோது அவள் கிடந்த இடத்தில் அந்த மோதிரமும் கிண்ணமும் மட்டும் இருந்தன. இங்கேயும் மூன்று என்ற எண், இங்கேயும் பெற்றோர்.

பெற்றோர் என்றதும் அகாஸ்டஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹைஜினஸின் வடிவத்தில் மூன்று மணி நேரம் முடிந்த பிறகும் லாவோடமியா சாவதில்லை. கணவனின் உருவத்தை வெண்கலத்தில் செய்து, வழிபாடு என்று சொல்லித் தன் அறையில் வைத்துக்கொள்கிறாள். (கணவன் உயிரோடிருக்கும்போதே அவள் எழுதும் கடிதமாக ரோமானியக் கவிஞர் ஓவிட் இயற்றிய கவிதையில் அது மெழுகு உருவம், குரல் மட்டும் சேர்ந்துவிட்டால் அது அவனேதான் என்று அதில் எழுதுகிறாள். மெழுகு என்பதே எனக்குப் பிடிக்கிறது, கை வெப்பத்துக்கு இளகும் பொருள் என்பதால்.) ஒரு விடியற்காலையில் படையலுக்குப் பழம் கொண்டுவந்த வேலையாள் கதவிடுக்கு வழியாகப் பார்க்கிறான், அவள் ஓர் ஆணைத் தழுவி முத்தமிடுவதாக நினைத்து அவளுடைய தந்தையிடம் போய்ச் சொல்கிறான். அகாஸ்டஸ் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைகிறார். உள்ளே இருப்பது மருமகனின் உருவச்சிலை என்று தெரிகிறது. மகள் மேலும் வதைபட வேண்டாம் என்று எண்ணி, சிதை அடுக்கி, சிலையையும் வழிபாட்டுப் பொருள்களையும் எரிக்கச் சொல்கிறார். லாவோடமியா அந்தத் தீயில் விழுந்துவிடுகிறாள்.

அகாஸ்டஸைக் கொடுமைக்காரராக எழுதிவிடாதீர்கள் என்று உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். என் பெரியப்பாவும் ஒரு நாள் அந்த மனைக்கு வந்தார். அக்கா கையிலிருந்த குழாயை மெதுவாக வாங்கி, "போதும்மா, சுவரு காஞ்சிருச்சு" என்று சொல்லி, குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அத்தானின் உடலைக் கொண்டுவந்த அன்றுகூட அழாத அக்கா அங்கே மணற்குவியலின்மேல் உட்கார்ந்து அழுத அழுகையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. பெரியப்பா செய்தது அன்பினால்தான். அக்காவும் அதை அறிவார். அகாஸ்டஸ் சிதை அடுக்கியதும் அன்பினால்தான் என்று வாசகர் நம்பினால்தான் உங்கள் நாவல் நிற்கும்.

புரோட்டெசிலாஸ் வெறும் நிழலாகத் தேய்ந்து போனவனும் அல்லன்; ஆவிக்கு வலிமை வேண்டும் என்று நினைத்தால் அதற்கும் சான்று உண்டு. இன்றைய துருக்கியில் கலிப்போலித் தீபகற்பத்தின் தென்முனையில் எலையூஸ் என்ற ஊரில் அவன் கல்லறையும் கோயிலும் இருந்தன. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் தம் வரலாற்றை முடிக்கும் தறுவாயில் அந்தக் கோயிலைப் பற்றித்தான் பேசுகிறார். பாரசீக ஆளுநன் அர்டாய்க்டிஸ், உங்கள் நாட்டின்மீது படையெடுத்துச் செத்த கிரேக்கன் ஒருவனின் வீடு அங்கே இருக்கிறது, அதை எனக்குத் தாருங்கள் என்று மன்னன் செர்க்ஸஸிடம் தந்திரமாகக் கேட்டு வாங்கி, காணிக்கைகளைக் கொள்ளையடித்து, கருவறைக்குள் பெண்களைக் கொண்டுவந்து தீட்டுப்படுத்தினான். கி.மு. 479-இல் ஆதென்ஸ் படை செஸ்டஸ் நகரை முற்றுகையிட்டபோது தப்பியோடிய அவன் பிடிபட்டான். காவலாளி ஒருவன் தணலில் கருவாடு சுட்டுக்கொண்டிருக்க, அந்தக் கருவாடு அப்போதுதான் பிடித்த மீனைப் போலத் துள்ளியது. இது உனக்கான குறி அன்று என்று காவலாளியிடம் அர்டாய்க்டிஸ் சொன்னான். கருவாட்டைப் போல் உலர்ந்து செத்துக் கிடந்தாலும் தனக்குத் தீங்கு செய்தவனைத் தண்டிக்கும் ஆற்றல் தனக்கு உண்டு என்று புரோட்டெசிலாஸ் எனக்குத்தான் காட்டுகிறான் என்றான். அவன் தருவதாகச் சொன்ன பணம் எடுபடவில்லை. பலகையில் அறைந்து கொன்றார்கள். கி.மு. 334-இல் ஆசியாவுக்குள் நுழையும் முன் அலெக்சாந்தர் அதே கல்லறையில் பலி கொடுத்து, தன் கால் படுவது அவனுடையதைவிட நல்லபடியாக அமைய வேண்டினான்.

அர்டாய்க்டிஸ் கேட்டது ஒரு வீட்டை என்பதைக் கவனியுங்கள். தெசலியில் கட்டி முடிக்காமல் விட்டு வந்தவனுக்குக் கடலுக்கு இக்கரையில் இருந்த கல்லறையை, ஏமாற்றுப் பேச்சிலாவது, ஒருவன் வீடு என்று அழைத்திருக்கிறான். அந்தக் கல்லறையைச் சுற்றி நின்ற மரங்கள் ட்ராய் நகரம் கண்ணுக்குத் தெரியும் உயரத்துக்கு வளர்ந்ததும் பட்டுப்போய், பிறகு மீண்டும் துளிர்த்தன என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதி வைத்திருக்கிறார்.

எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். தொன்மத்தில் பெயரில்லாத அந்த வேலையாளிடமிருந்து தொடங்குங்கள். அவன் சொன்னது அவன் கண்ட உண்மை, புரிந்துகொண்டதுதான் தவறு. தீக்குப் பிறகும் அவன் உயிரோடிருந்தான், அதே வீட்டில் வேலை செய்தான், விடிந்தால் யாருக்குப் பழம் கொண்டுபோவது என்று தெரியாமல் நின்றிருப்பான். அவன் வாயால் இந்தக் கதையைச் சொல்ல வையுங்கள்.