கையெழுத்து போட்டா சட்டம் மாறுமா?

கேள்வி: பாகிஸ்தான் மத நிந்தனை சட்டத்த எடுக்கணும்னு எங்க சர்ச்ல கையெழுத்து வாங்குனாங்க, நானும் போட்டேன். "காவேரிப்பட்டணத்துல நீ போடுற கையெழுத்தப் பாத்து இஸ்லாமாபாத்துல சட்டத்த மாத்திருவாங்களாக்கும்"னு வீட்டுக்காரர் ஒரே கிண்டல். பிரயோஜனம் உண்டா?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: உங்க வீட்டுக்காரர் சொல்றதுல பாதி சரிதாம்மா, சட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கு. ஆனா ஆளுங்க உயிரோட வெளிய வந்திருக்காங்க. ஆசியா பீபி கதை உங்களுக்கு சட்டுனு புரியும். நம்ம பக்கம் மாங்கா சீசன்ல பொம்பளைங்க கூலிக்குப் போற மாதிரி அந்தம்மா 2009 ஜூன்ல பாகிஸ்தான் பஞ்சாப்ல ஒரு தோட்டத்துல பழம் பறிக்கப் போனாங்க, வெயில்ல தண்ணி மொண்டுட்டு வந்து தானும் குடிச்சாங்க, கிறிஸ்தவ பொம்பள தொட்ட தண்ணி தீட்டுன்னு கூட வேலை செஞ்சவங்க சண்டை புடிச்சாங்க. டீக்கடையில தனி டம்ளர் வெச்சிருந்த நம்ம ஊர்க்காரங்களுக்கு இத வெளக்கணுமா என்ன! சில நாள்ல அந்தச் சண்டை நபியப் பழிச்சாங்கன்னு கேஸா மாறி, 2010 நவம்பர்ல தூக்கு தண்டனை. சுப்ரீம் கோர்ட் விடுதலை பண்ணுனது 2018 அக்டோபர் 31.

சிக்கலே நபியப் பழிச்சதா சொல்லி தண்டிக்கிற 295-சி பிரிவுதான், ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் காலத்துல 1986ல சேத்தது. வேணும்னே செஞ்சாங்களான்னு அதுல ஒரு வார்த்தை கெடையாது, அப்புறம் நெலத்தகராறு, கடன் தகராறு எதுக்கு வேணா இழுக்கலாம்ல. அரசாங்கம் இதுவரைக்கும் இந்தப் பிரிவுல யாரையும் தூக்குல போடல, கொல்றதெல்லாம் வெளிய நிக்கிற கும்பல்தான். அந்தம்மாவுக்காகப் பேசுன கவர்னர் சல்மான் தசீர 2011 ஜனவரியில அவரோட காவலாளியே சுட்டான், ரெண்டே மாசத்துல இந்தச் சட்டத்த எதிர்த்த மந்திரி ஷாபாஸ் பட்டியையும் சுட்டுட்டாங்க.

இன்னொரு கேஸ், எழுதப் படிக்கத் தெரியாத புருஷன் பொண்டாட்டி இங்கிலீஷ்ல நிந்தனை மெசேஜ் அனுப்புனாங்களாம், தூக்கு! 2021 ஏப்ரல்ல ஐரோப்பிய பார்லிமென்ட் இந்தக் கேஸச் சொல்லி பாகிஸ்தானுக்குத் தர்ற வரிச்சலுகைய மறுபரிசீலனை பண்ணுங்கன்னு தீர்மானம் போட்டுச்சு, ஜூன்ல லாகூர் ஹைகோர்ட் ரெண்டு பேரையும் விட்டுருச்சு. அந்தத் தீர்மானத்தாலதான்னு அடிச்சு சொல்ல மாட்டேன். ஆனா வெளிய சத்தமே இல்லாத கேஸ், கட்டு கட்டா தூசி புடிச்சு கெடக்கும்.

கேள்வி: அதே மனுவ எடுத்துக்கிட்டு பக்கத்துக் கடை பாய்கிட்ட கையெழுத்து கேக்கலாமா? தப்பா எடுத்துக்குவாரோ?
- வாசகர், பாலக்கோடு

பதில்: மொதல்ல அவர்கிட்டதாங்க போகணும். தசீர் முஸ்லிம், ஆசியா பீபிக்கு வாதாடுன வக்கீல் சைஃபுல் மலூக் முஸ்லிம், விடுதலைன்னு எழுதுன ஜட்ஜுங்களும் முஸ்லிமுங்கதான். இந்தச் சட்டத்துல மாட்டிக்கிட்ட முஸ்லிமுங்களும் ஏராளம், தங்கள முஸ்லிம்னு சொல்லிக்கிட்டாலும் பாகிஸ்தான் சட்டம் அப்படி ஏத்துக்காத அஹமதியாக்கள் பாடு தனி.

இன்னொண்ணு, இது என்னமோ அவங்க ஊர் சரக்குன்னு நெனச்சுக்காதீங்க. மத உணர்வப் புண்படுத்துனா தண்டிக்கிற, 1927ல வெள்ளைக்காரன் கொண்டுவந்த 295-ஏ பிரிவு ரெண்டு நாட்டுக்கும் பொதுச் சொத்து, நம்மகிட்ட அது 2024 ஜூலையில இருந்து ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 299ன்னு நம்பர் மாத்திக்கிட்டு உக்காந்திருக்கு. இங்க வேணும்னே கெட்ட எண்ணத்தோட செஞ்சதா நிரூபிக்கணும், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். பிரிட்டன்காரனே இங்கிலாந்துல தன்னோட மத நிந்தனை சட்டத்த 2008ல எடுத்துட்டான், அயர்லாந்துல 2018ல ஜனங்க ஓட்டு போட்டு எடுத்தாங்க.

பாய்கிட்ட நீட்டுறதுக்கு முன்னாடி மனுவ ஒருதரம் நீங்களே படிச்சிருங்க, எங்கயாச்சும் அவர் மதத்தச் சீண்டுற வரி இருந்தா பேனாவால அடிச்சிட்டு குடுங்க.