பலவீனத்தை நாலு பேரிடம் சொன்னால் மதிப்பு குறையாதா?

"நம் பலவீனத்தை மறைக்காமல் ஒரு குழுவில் சொன்னால் வாழ்க்கையைப் பற்றிய பார்வை விரியும் என்கிறார்களே, உண்மையா? இருக்கிற மதிப்பும் போய்விடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எதையோ ரொம்ப நாளாக மூடி வைத்திருப்பவர்தான் இப்படிக் கேட்பார். அதனால் என் விஷயத்தைச் சொல்கிறேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். நாக்கில் வசம்பு தேய்த்தார்கள். வாயில் கூழாங்கல்லைப் போட்டுத் திருக்குறள் ஒப்பிக்க வைத்தார்கள். "பயத்தை விடு, சரியாகிவிடும்" என்று சொல்லாத உறவினர் இல்லை. இது பயத்தால் வருவதில்லை. பேச்சை மூளை ஒழுங்குபடுத்தும் விதத்தில் உள்ள வேறுபாடு; சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். குழந்தைகளில் நூற்றுக்கு 5 பேருக்கு வந்து, பெரும்பாலோருக்குத் தானாகப் போய்விடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத் தங்கிவிடும். எனக்குத் தங்கிவிட்டது.

வராத சொல்லை ஒதுக்கி வேறு சொல் போடுவது எனக்குக் கைவந்த கலை. சொந்தப் பெயரை மட்டும் மாற்ற முடியாதே, அதனால் புதியவர்களிடம் விசிட்டிங் கார்டை முதலில் நீட்டிவிடுவேன். அலுவலகத்தில் எனக்கு 'அமைதியானவர்' என்று பெயர்.

நாற்பதை நெருங்கும்போதுதான், திக்குவாய் உள்ளவர்கள் ஞாயிறு காலை ஒரு பூங்காவில் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே ஒரே விதிதான்: யாருடைய வாக்கியத்தையும் இன்னொருவர் முடித்து வைக்கக் கூடாது. ஒருவர் தன் பெயரைச் சொல்ல அரை நிமிடம் ஆனாலும் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். அப்படி எனக்காக யாரும் அதுவரை காத்திருந்ததில்லை.

ஒரு பையன் சொன்னான்: 'திருவான்மியூர்' என்று கண்டக்டரிடம் சொல்ல வராததால் அடையாறுக்கு டிக்கெட் எடுத்து இறங்கி, மீதித் தூரத்தை நடப்பானாம். தினமும். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், ஆய்வுக் கூட்டங்களில் பேச வேண்டியிருக்குமே என்று பதவி உயர்வையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர். வீட்டில் காரணம் சொல்லவே இல்லையாம்.

அப்புறம் வேண்டுமென்றே திக்கிப் பேசும் பயிற்சி. அதாவது, மறைப்பதற்குப் பதில் நாமே முந்திக்கொண்டு காட்டிவிடுவது. என்னை இளநீர்க் கடைக்கு அனுப்பினார்கள். "எ... எ... எளநி எவ்வளவு?" என்றேன். அரிவாளை நிறுத்திவிட்டு, நான் கேட்டு முடிக்கும்வரை பார்த்தார். "அறுபது ரூவா. தண்ணியா, வழுக்கையா?" அவ்வளவுதான். இதற்குப் போயா இத்தனை வருடம் ஓடி ஒளிந்தோம் என்று அங்கேயே கண் கலங்கிவிட்டது.

திக்கல் போய்விட்டதா என்றால், போகவில்லை. ஆனால் மற்றவர்களும் எதையோ மறைக்கப் படும் பாடு இப்போது கண்ணில் படுகிறது. ஆங்கிலம் சரளமாக வராததால் கூட்டத்தில் குறிப்பு எடுப்பதுபோல் குனிந்தே இருக்கும் சக ஊழியரைப் பார்த்தாலே புரிகிறது. அம்மா கல்யாண வீடுகளுக்கு வரத் தயங்குவது, காது சரியாகக் கேட்காமல் தப்பாகப் பதில் சொல்லிவிடுவோமோ என்றுதான் என்பதும் அவர் சொல்லாமலே புரிந்தது. பார்வை விரிவது என்றால் எனக்கு இதுதான்.

'குழுவுக்கு ஆள் பிடிக்கிறான்' என்று சிலர் கீழே எழுதுவார்கள். எனக்கு இதில் பைசா வரவில்லை. பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குழந்தைகளுக்கு அது சீக்கிரம் கிடைப்பது மிக முக்கியம். 'பத்தே நாளில் நிரந்தரத் தீர்வு' என்று பணம் கறப்பவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். வங்கிகள் தயவுசெய்து ஒன்றைக் கவனிக்க வேண்டும். போனில் பெயரும் பிறந்த தேதியும் கேட்கிறீர்கள். எனக்குச் சொல் வெளியே வருவதற்குள் "லைன்ல இருக்கீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். தொலைந்த கார்டை முடக்க நான் மனைவியைப் பேசச் சொன்னால், "கணக்கு வைத்திருப்பவர்தான் பேச வேண்டும்" என்கிறீர்கள். பத்து விநாடி கூடுதலாகக் காத்திருந்தால் என்ன?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மதிப்பு குறையுமா என்றால், சில இடங்களில் குறையும். அதனால் மேலாளரிடமோ சொந்தக்காரர்களிடமோ முதலில் போய்ச் சொல்லாதீர்கள். அதே கஷ்டம் உள்ளவர்களைத் தேடிப் பிடித்து அவர்களிடம் முதலில் சொல்லுங்கள். முதல் வாரம் பேசப் பிடிக்கவில்லை என்றால் சும்மா உட்கார்ந்து கேளுங்கள், நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்களிடம் சொல்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.