மூத்தவ பாத்து சொன்னா

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துலருந்து ஒரு தங்கச்சி எனக்கு அஞ்சு பக்கம் கடிதம் எழுதிருக்கா. சுருக்கி சொல்றேன். மகனுக்கு 13 வயசு. ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளி, இப்ப மலாய் இடைநிலைப் பள்ளியில போர்ம் ஒன். பாடம் ஏறல, யார்கிட்டயும் பேச்சு இல்ல. வளர்த்த பாட்டி தவறி எட்டு மாசமாச்சு, ராத்திரியில பாட்டி கூப்புடுறாங்கன்னு எந்திரிச்சு ஒக்காந்துக்கறான். ஸ்கூல்ல சொல்லி ஈப்போவுல ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட ஐக்யூ டெஸ்ட் எடுத்தாச்சு, மொத்தம் 78னு ரிப்போர்ட் வந்துருக்கு. ஸ்பெஷல் கிளாஸ்ல போடுங்க, ஓகேயு கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) எடுங்கன்னு ஸ்கூல்ல சொல்றாங்களாம், வீட்டுக்காரர் "என் மகன தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப பாக்கறியா"ன்னு, அந்த மனநல ஆஸ்பத்திரி பேரச் சொல்லி கத்துறாராம். கேள்வி இதுதான்: அக்கா, கார்டு எடுக்கவா வேணாமா?

கார்டு கெடக்கட்டும் தங்கச்சி. நாலாவது பக்கத்துல போற போக்குல ஒண்ணு எழுதிருக்க பாரு, "எனக்கு மலாய் அவ்வளவா வராதுக்கா, மூத்தவதான் உள்ள வந்து எல்லாத்தயும் பாத்து சொன்னா"ன்னு, எனக்கு அதத் தாண்டி போக முடியல.

பாத்து சொன்னான்னா என்ன? எத சொல்றது எத முழுங்குறதுன்னு அந்த 17 வயசு புள்ள முடிவு பண்ணிருக்கா. பாட்டி குரல் கேக்குற விஷயத்த அவ சொல்லவே இல்ல, தம்பிய பைத்தியம்னு எழுதிருவாங்கன்னு பயந்துட்டா, வீட்டுக்கு வந்தப்புறம்தான் எனக்கே தெரியும்னு நீயே எழுதிருக்க. அப்ப அந்த ரிப்போர்ட் யாரு சொன்னத வச்சு எழுதினது? பெத்தவ சொன்னத வச்சா, அக்காக்காரி வடிகட்டி குடுத்தத வச்சா? அவ மேல எனக்கு கோவமே இல்ல. அவள அந்த நாற்காலியில ஒக்கார வச்ச ஒன் மேலதான் கோவம்.

எனக்கு இது புதுசு இல்ல. ரப்பர் தோட்டத்து லயத்து வீட்ல இருந்தப்ப எங்கம்மாவுக்கு நான்தான் வாய். பதினோரு வயசுல கிளினிக்குக்கு கூட்டிட்டு போனாங்க, கர்ப்பப்பை எறங்கிருச்சுன்னு மிஸ்ஸிகிட்ட, அதான் நர்ஸ்கிட்ட, சொல்லுன்னாங்க. அதுக்கு மலாய்ல என்ன வார்த்தைன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் சொல்லிருக்க மாட்டேன், பக்கத்து பெஞ்சுல என் கிளாஸ் பையன் ஒக்காந்துருந்தான். "சாக்கிட் பெருட்"னு சொல்லி வயித்து வலி மருந்து வாங்கிட்டு வந்தோம். எங்கம்மா அதோடயே இன்னும் ஆறு வருஷம் பால் மரம் வெட்டுனாங்க. அதனால மொழி தெரியற புள்ளைய கூட்டிட்டுப் போறது கெட்டிக்காரத்தனம்னு யாரும் என்கிட்ட சொல்லாதீங்க.

அந்த சைக்காலஜிஸ்ட் மேலயும் தப்பு இருக்கு. (டாக்டரம்மான்னு எழுதிருக்க, அவங்க மருந்து எழுதறவங்க இல்ல, அது சைக்கியாட்ரிஸ்ட்.) வீட்டுப் புள்ளைய வச்சு மொழிபெயர்க்கக் கூடாதுங்கறது அவங்க தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பாடம். 2013ல வந்த டிஎஸ்எம்-5ங்கற மனநல நோய்க்கணிப்பு புத்தகத்துல, வந்தவங்க பின்னணியயும் நெனைப்பயும் அவங்க வாயாலயே கேட்டுத் தெரிஞ்சுக்கறதுக்குன்னே 16 கேள்வி இருக்கு. இந்த பிரச்சினைய நீங்க எப்படி பாக்கறீங்க, ஒங்க வீட்ல எதனாலன்னு நெனைக்கிறாங்க, இதுக்கு முன்னாடி கோயில் பூசாரின்னு எங்கெல்லாம் போனீங்க, இந்த மாதிரி. கடைசி கேள்வி என்ன தெரியுமா, நீங்களும் நானும் வேற வேற பின்னணி, ஒருத்தர ஒருத்தர் தப்பா புரிஞ்சுக்குவோமோன்னு ஒங்களுக்கு கவலை இருக்கான்னு. அத ஒன்கிட்ட கேட்டிருந்தா தாயத்து கட்டுனது, பதினாறாம் நாள் காரியத்துக்கு பையன விடாம ஸ்கூலுக்கு அனுப்பினது எல்லாம் வெளிய வந்திருக்கும். ஆமா, அதயும்தான் எழுதிருக்க, தூக்கி வளர்த்த பாட்டி காரியத்துக்கு புள்ளைய ஒக்கார வைக்கல, பரீட்சைன்னு. என்ன பெரிய பரீட்சை?

செத்தவங்க குரல் கேக்குறது துக்கத்துல பல பேருக்கு நடக்கும், அத மட்டும் வச்சு பைத்தியம்னு எழுத மாட்டாங்க. ஆனா அவங்களுக்கு தெரிஞ்சே ஆகணும். அந்தக் குரல் அவன எதாவது செய்யச் சொல்லுதான்னு நீயே நேரா கேளு. ஒன்ன நீயே காயப்படுத்திக்கோன்னோ என்கூட வந்துருன்னோ சொல்லுதுன்னா, இல்ல சாப்பாடு தூக்கம் நின்னுபோச்சுன்னா, அப்பாயின்மெண்டுக்கெல்லாம் காத்திருக்காத, அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டு போ.

இப்ப அந்த 78. இந்த டெஸ்ட்ல நடுமட்டம் 100. நீ எழுதுன கணக்குப்படி வார்த்தை பகுதியில 70, கட்டைய வச்சு அடுக்குற பகுதியில 103. அதாவது பேச்சு வேணாத எடத்துல அவன் எல்லாப் புள்ளைங்க மாதிரியும் செஞ்சிருக்கான். வார்த்தைக்கு அர்த்தம் கேட்டது மலாய்ல, அவன் ஆறு வருஷம் படிச்சது தமிழ்ல, வீட்ல பாட்டியோட பேசினது தமிழ்ல, அந்த பாட்டியும் இல்ல. தெரியாம முழிச்சானா, தெரிஞ்சும் மலாய்ல வரலயா? ரெண்டு பகுதிக்கும் இவ்வளவு தூரம் இருந்தா மொத்த நம்பர் ஒண்ண மட்டும் வச்சு ஒரு புள்ளைய எடை போடக் கூடாது. அவனுக்கு நெஜமாவே படிப்புல சிரமம் இருக்கலாம், இல்லன்னு நான் சொல்ல வரல. இருந்தா ஸ்பெஷல் கிளாஸும் ஒண்ணும் அவமானம் இல்ல. கார்டும் கட்டாயம் கெடையாது, வேணும்னா நாமளா பதிஞ்சுக்கறது. ஆனா அரைகுறையா கேட்டு எழுதுன ரிப்போர்ட்ட நம்பி கையெழுத்து போடாத.

வீட்டுக்காரர் விஷயம். தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரி 1911லருந்து இருக்கு, அன்னைலருந்து நம்மாளுங்க வாயில அது வசவு. அங்க வைத்தியம் பாத்து வீட்டுக்கு வந்து வேலைக்குப் போறவங்களும் நம்ம சொந்தத்துல இருக்காங்க, யாரும் வெளிய சொல்றதில்ல, அவ்வளவுதான். செத்தது அவரப் பெத்தவ. அழுதாரான்னு அஞ்சு பக்கத்துல ஒரு வரி இல்ல. அப்பன் அம்மாவப் பத்தி பேசாத வீட்ல மகன் மட்டும் எப்படி பேசுவான்? அப்பாங்கறவரு கத்துறதுக்கு மட்டும் இல்ல, கூட்டிட்டுப் போறதுக்கும்தான். ஷிப்ட் மாத்திக்கிட்டு வரச் சொல்லு. வரமாட்டேன்னா இந்தப் பக்கத்த மேசை மேல விரிச்சு வை.

நாளைக்கு டெஸ்ட் எடுத்த அந்த எடத்துக்கு போன் போடு. தமிழ் பேசற சைக்காலஜிஸ்ட் இருக்காங்களான்னு கேளு, இல்லன்னா சொந்தக்காரங்க இல்லாத பெரியவங்க ஒருத்தர மொழிபெயர்க்க ஏற்பாடு பண்ண முடியுமான்னு கேளு. அவன எந்த மொழியில டெஸ்ட் பண்ணீங்கன்னு எழுத்துல வாங்கு. ஒனக்கு வராத மலாய்ல கேக்க வேணாம், தமிழ்லயே கேளு, அவங்க ஆள் தேடட்டும். போறப்ப பாட்டி போட்டோ ஒண்ணு எடுத்துட்டு போ.

மூத்தவ அன்னைக்கு ஸ்கூலுக்குப் போகட்டும். அவளுக்கு இந்த வருஷம் எஸ்பிஎம், பள்ளி முடிக்கிற பெரிய பரீட்சைன்னு எழுதிருக்க, மூணாம் பக்கத்து ஓரத்துல, ஒரே ஒரு வரி.